மலை ஏறாத சான்றிதழ்

புதூர்நாட்டுப் பிள்ளை பிளஸ் டூ முடிச்சு கீழ இறங்கி வருது. காலேஜ்ல முதல் கேள்வி: "எஸ்.டி. சர்டிபிகேட் எங்கம்மா?"

வடாற்காட்டு மலையாளி பழங்குடின்னு பட்டியல்லயே இருக்குங்க. ஆனா சான்றிதழ் தரணும்னா தாசில்தார் பத்தாது, கோட்டாட்சியர் கையெழுத்து வேணும். அப்பாவுக்கு இருக்கா, தாத்தாவுக்கு இருக்கான்னு கேட்பாங்க. அது வர்றதுக்குள்ள அட்மிஷனே முடிஞ்சிடும். போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை போச்சு, 1% இடஒதுக்கீடும் போச்சு.

"போலிகளைத் தடுக்கத்தான் சார்" என்பார்கள். போலி ஆசாமி கட்டுக்கட்டா காகிதத்தோட வருவான். வீட்டுப் பிரசவத்தில் பிறந்து, பிறப்பே பதிவாகாத பிள்ளை எதைக் காட்டும்?

பத்தாம் வகுப்பிலேயே, பள்ளிக்கூடத்திலேயே விசாரிச்சுக் கொடுங்க. தடுப்பூசி போட நாங்க மலை ஏறலையா? கோட்டாட்சியர் ஜீப்பும் ஏறும்.