பட்டன் போன் வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பலாமா?



தென்காசி, குற்றாலம் வட்டாரத்தில் இன்று எந்த மளிகைக் கடைக்குப் போனாலும் கல்லாப்பெட்டி அருகில் ஒரு கட்டம் போட்ட அட்டை நிற்கிறது. டச் போன் உள்ளவர் அதை ஸ்கேன் செய்து பணம் அனுப்பிவிட்டுப் போகிறார். பட்டன் போனோடு வரும் ஆச்சியிடம் கடைப்பையன், "ஜிபே இல்லையா? அப்போ சில்லறையா கொடுங்க" என்கிறான். ஆச்சியின் உதவித்தொகையோ வங்கிக் கணக்கில் கிடக்கிறது. பணம் இருந்தும் வியாபாரம் நடப்பதில்லை.

பட்டன் போனிலும், நெட் இல்லாமலே, பணம் அனுப்பலாம் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

மிஸ்டு கால் நமக்குப் புதிதல்ல. 1995-இல் செல்போன் வந்தபோது வரும் அழைப்புக்கும் காசு பிடித்தார்கள். 2003 மே மாதம்தான் அது நின்றது. அதன் பிறகு மிஸ்டு காலையே நாம் தந்தியாக்கிக் கொண்டோம். ஒரு மணி அடித்து நின்றால் லாரி புறப்பட்டது, இரண்டு மணி என்றால் சரக்கு இறங்கியது. செலவு ஒரு பைசா கிடையாது.

அந்த மிஸ்டு காலே இப்போது பணம் செலுத்தும் முறையாகிவிட்டது. 2022 மார்ச் 8 அன்று அன்றைய ரிசர்வ் வங்கி கவர்னர் சக்திகாந்த தாஸ் 'யுபிஐ 123பே' திட்டத்தைத் தொடங்கி வைத்தார். கடையில் எழுதி வைத்த எண்ணுக்கு வாடிக்கையாளர் மிஸ்டு கால் கொடுத்தால் திரும்ப அழைப்பு வரும். ரகசிய எண்ணை அழுத்தினால் பணம் வந்துவிடும். இதற்கு வியாபாரி முதலில் பதிவு செய்ய வேண்டும். உங்கள் வங்கியில் கேளுங்கள். முதலில் ஒரு தடவைக்கு 5,000 ரூபாயாக இருந்த வரம்பை 10,000 ஆக உயர்த்துவதாக 2024 அக்டோபரில் அறிவித்தார்கள். மாதப் பற்று தீர்க்க அது போதும்.

இன்னொன்று *99#. 2012-இல் பி.எஸ்.என்.எல்., எம்.டி.என்.எல். போன்களில் வந்து, 2014-இல் பிற நிறுவனங்களுக்கும் விரிந்தது. ஒரு தடவைக்கு 50 பைசா வரை இருந்த கட்டணத்தையும் 2022-இல் டிராய் நீக்கிவிட்டது. ஆனால் எல்லா சிம்மிலும் இது ஓடாது. சீசன் கூட்டத்தில் நெட் இழுக்கும்போது டச் போன்காரருக்கும் உதவும்.

முதல் தடவை பதிவு செய்ய ஏ.டி.எம். கார்டின் கடைசி ஆறு எண்ணும் காலாவதித் தேதியும் வேண்டும். நேரம் பிடிக்கும். மாலை நெரிசலில் இதை ஆரம்பித்தால் வரிசையில் நிற்பவர்கள் நம்மை ஏசுவார்கள். மதியம் கடை ஓய்ந்திருக்கும்போது உட்கார வைத்துச் சொல்லிக்கொடுங்கள்.

ஒரு விஷயத்தில் கண்டிப்பு வேண்டும். "எனக்குக் கண் தெரியல அண்ணாச்சி, நீங்களே அழுத்துங்க" என்று போனை நீட்டுவார்கள். ரகசிய எண்ணை நாமோ கடைப்பையனோ அழுத்தக் கூடாது. பிறகு அந்தக் கணக்கில் எவன் கை வைத்தாலும் பழி நம் கடைமேல்தான் விழும். வீட்டுப் பிள்ளைகளில் ஒருவரை அழைத்துவரச் சொல்லுங்கள்.

இன்னொரு தகவலையும் இவர்களிடம் சொல்லலாம். நெட் தேவையில்லாதவர்களுக்காகப் பேச்சு, எஸ்.எம்.எஸ். மட்டும் உள்ள ரீசார்ஜ் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் உத்தரவிட்டது. ரீசார்ஜ் போடும் நம் கடைகளிலேயே பலர் அதைக் காட்டுவதில்லை. கேட்டால், கமிஷன் குறைவு என்கிறார்கள்.

சங்கத்துக்கு என் வேண்டுகோள்: அடுத்த மாதக் கூட்டத்தில் வங்கி அலுவலர் ஒருவரை அழைத்து, அரை மணி நேரம் பட்டன் போனில் செய்து காட்டச் சொல்ல வேண்டும். பாவூர்சத்திரம், சுரண்டை, செங்கோட்டை வியாபாரிகளும் வரட்டும். ஜூனில் சாரல் விழுந்தால் யாருக்கும் நேரம் இருக்காது.