977 வாக்குகளும் கணக்கில் வராத திருநரும்

2021 சட்டமன்றத் தேர்தலில் நெய்வேலித் தொகுதியின் வெற்றி வித்தியாசம் 977 வாக்குகள். பாமக வேட்பாளரை திமுக அந்த நூலிழையில்தான் வென்றது. அத்தேர்தல் தேதி அறிவிக்கப்பட்ட பிப்ரவரி 26 அன்றே, வன்னியர்களுக்கு 10.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வழங்கும் சட்டத்தை அன்றைய அதிமுக அரசு பேரவையில் நிறைவேற்றியது. நீதிமன்றங்கள் பின்னர் அதை ரத்து செய்தன. ஆயினும், வாக்குகள் திரண்டிருக்கும் இடத்திற்குச் சட்டம் எத்தனை வேகமாக வரும் என்பதை வட மாவட்டங்கள் கண்டன.

திரளாத வாக்குகளின் கதை வேறு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ‘பிற’ பாலினமாகப் பதிவானோர் 22,364 பேர். 234 தொகுதிகளுக்கும் வகுத்தால் தொகுதிக்கு நூறு பேர்கூட இல்லை.

அமெரிக்காவில் 2024 அதிபர் தேர்தலில் திருநர் எதிர்ப்பு வெளிப்படையான விளம்பரமாயிற்று. இங்கே அதற்குத் தேவையே எழவில்லை. திருநர் சட்ட முன்வரைவு மக்களவையில் நிறைவேறிய நாள் 2019 ஆகஸ்ட் 5. அன்று நாடே காஷ்மீரைப் பார்த்துக்கொண்டிருந்தது. பாதுகாப்பு என்னும் பெயர் தாங்கிய அச்சட்டம், பாலின அடையாளத்திற்கு மாவட்ட ஆட்சியரின் சான்றிதழைக் கட்டாயமாக்கியது. திருநர் மீதான பாலியல் கொடுமைக்கு அது விதிக்கும் உச்சத் தண்டனை இரண்டே ஆண்டுகள். பெண்ணை வன்புணர்ந்தவருக்கோ குறைந்தபட்சமே பத்தாண்டுகள். இந்த ஏற்றத்தாழ்வுக்காக எந்தக் கட்சியும் ஒரு தொகுதியைக்கூட இழக்கவில்லை.

பொதுக்கருத்து திருநர்க்குப் பகையாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. உளுந்தூர்ப்பேட்டை அருகே கூவாகத்தில் சித்திரைத் திருவிழா கூடும்போது அரசியல்வாதிகள் வருகிறார்கள், பரிசளிக்கிறார்கள், படமெடுத்துக்கொள்கிறார்கள். 2008இல் நலவாரியம் அமைத்த மாநிலம் இது. இந்தப் பரிவு வேலைவாய்ப்பைப் பங்கிடும் இடத்தில் நின்றுவிடுகிறது.

2014 நால்சா தீர்ப்புக்குப் பிறகு, 2015இல் தமிழ்நாடு திருநங்கையரை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்தது. பாலினத்தைச் சாதியாக எண்ணிய பிழை அது. பட்டியல் சாதிச் சான்றிதழ் வைத்திருக்கும் தலித் திருநங்கைக்கு அவ்வாணையால் புதிதாக ஏதும் கிட்டவில்லை. குடும்பமும் பள்ளியும் விரட்டிய பின், அவற்றின் துணையோடு படித்துவந்த தன் சாதியினருடனேயே அவர் போட்டியிட வேண்டும். ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் திருநர்க்கு இடமளிக்கும் கிடைமட்ட இடஒதுக்கீட்டைத் தலித் திருநர் செயற்பாட்டாளர்கள் கேட்பது இதனால்தான். கர்நாடகம் 2021இல் ஒரு விழுக்காடு வழங்கியது. 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றமும் இக்கோரிக்கையை ஏற்று மாநில அரசுக்கு ஆணையிட்டது.

ஆனால் மாநில ஆணை நெய்வேலி நிறுவனத்தின் வாயிலைத் திறக்காது. அது ஒன்றிய அரசின் பொதுத்துறை. அங்கே திருநர்க்கு வேலை உறுதியாக வேண்டுமெனில் ஒன்றிய அரசின் ஆணையோ நாடாளுமன்றத்தின் சட்டமோ வேண்டும். திமுகவின் திருச்சி சிவா கொண்டுவந்து, 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவை நிறைவேற்றிய தனிநபர் முன்வரைவில் இரண்டு விழுக்காடு ஒதுக்கீடு இருந்தது. ஒன்றிய அரசு தன் சட்டத்தை எழுதியபோது விட்டுவிட்டது அந்தப் பிரிவைத்தான். நெய்வேலிக்கு வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் அதைப் பற்றிக் கேட்கலாம்.