எந்தக் கோவிந்தன்?

கும்பினி வைத்தியராகச் சென்னை இராஜதானிக்கு வந்த இராபர்ட் வைட் என்பவர், நம் நாட்டுச் செடிகளை ஆராய்ந்து, 1838 முதல் 1853 வரை ஆறு பாகங்களாகப் படநூல் வெளியிட்டார். அவருக்குப் படம் எழுதியவர்கள் ரங்கையா, கோவிந்து என்னும் நம்மவர்கள். 1853இல் ஓர் ஆர்க்கிட் இனத்திற்குக் “கோவிந்தூயா” என்று வைட் பெயரிட்டார். வைகுண்டத்துக் கோவிந்தனுக்காக அல்ல. தூரிகை பிடித்த கோவிந்துவுக்காக!

பிற்கால ஆராய்ச்சிக்காரர்கள் அது “டிரோபிடியா” இனமே என்று கண்டு, அப்பெயரை நீக்கினார்கள். பாவம் வந்துவிடுமென்று எவரும் அலறவில்லை. நம் சாஸ்திரங்களில் ஓரெழுத்தையாவது இப்படித் திருத்த விடுவார்களா என்று கேட்கின்றோம்.

நொச்சிக்குப்பத்துப் பிள்ளை கண்டவுடன் மீனின் பெயர் சொல்லுகிறானே, அது எந்த மந்திரத்தால் வந்தது? தோழர்களே, அவனைப் படிக்க வையுங்கள். நாளை அவனே நூலெழுதுவான்.