கைக்கு என்ன கூலி?

எண்ணூரிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வீட்டிலிருந்தபடியே சுவரொட்டிக்குப் படம் வரைந்து, ராயபுரத்து அச்சகம் ஒன்றில் அச்சடித்துக் கொடுக்கும் தொழிலைப் புதிதாக ஆரம்பித்திருக்கிறாராம். சென்ற ஆண்டு ஆடியில் அவர் தெருவில் அம்மனுக்குக் கூழ் வார்த்தார்கள். 200 சுவரொட்டிகள், மூன்று நாள் வேலை. வாங்கியது 4,500 ரூபாய். அதில் அச்சகத்துக்கே 4,000 போயிற்று. "கேட்டவர்கள் மாமா, சித்தப்பா முறை. கூடுதலாகக் கேட்க வாய் வரவில்லை" என்கிறார். இந்த ஆடியில் அதே அம்மன் படத்தை, அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், நோட்டீஸிலும் போட்டுவிட்டார்களாம். "இது நியாயமா?" என்று கேட்கிறார்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். மிச்சம் 500 ரூபாய். நாளொன்றுக்கு 167 ரூபாய். பஸ் சார்ஜும் மின்சாரக் கட்டணமும் அதற்குள்ளேதான்! இந்தக் கூலிக்கு ஒரு சித்தாளைக் கூப்பிட்டுப் பாருங்கள், வருவாளா?

நம் வீடுகளில் அரிசிக்கும் பருப்புக்கும் கணக்கு எழுதுகிறோம். சமைத்த கைக்கு எழுதுவதில்லை. அந்தப் பழக்கத்தையே சகோதரி தொழிலுக்கும் கொண்டு போய்விட்டார்.

இனி பில்லில் இரண்டு வரி இருக்கட்டும். ஒன்று படக் கூலி, மற்றொன்று அச்சுக் கூலி. ஆப்செட் அச்சில் 50 பிரதியானாலும் 500 ஆனாலும் பிளேட் செலவு ஒன்றுதான். ஆகவே தாளுக்கு இவ்வளவு என்று விலை சொல்லி மாட்டிக்கொள்ள வேண்டாம். பாதிப் பணம் முன்பணம். இரண்டு முறை திருத்தலாம். மூன்றாவது திருத்தத்துக்குத் தனிக் கூலி. மாமாவுக்குக் குறைக்க மனம் இருந்தால் தாராளமாகக் குறையுங்கள். ஆனால் முழு விலையை எழுதி, அதற்குக் கீழே தள்ளுபடியை எழுதுங்கள். உறவுக்காக விட்டுக் கொடுத்தது எவ்வளவு என்று அவருக்கும் தெரிய வேண்டும் அல்லவா?

இனி நோட்டீஸ் விஷயம். சொன்னால் வருத்தமாக இருக்கும். பணம் கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், வரையச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்று 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு கூறுகிறது. மனத்துக்கு நியாயமாகப் படாவிட்டாலும் சட்டம் அவர்கள் பக்கமே நிற்கும்.

கோவில்பட்டி கொண்டையராஜு (1898-1976) வரைந்த தெய்வப் படங்கள் காலண்டர்களாக எத்தனையோ வீட்டுச் சுவர்களில் தொங்கின. வரைவது ஒரு தடவை. அச்சாவதோ ஆயிரம் தடவை. அந்த ஆயிரத்தையும் நினைத்துத்தான் விலை பேச வேண்டும். "படத்தின் உரிமை வரைந்தவருக்கே, இந்த ஒரு விழாச் சுவரொட்டிக்கு மட்டும் அனுமதி" என்று ஒரு தாளில் எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்ட பிறகு தூரிகையை எடுங்கள்.

மாமா கோபித்துக்கொள்வாரோ என்று பயமா? அச்சகக்காரர் 4,000 கேட்டபோது யாரும் கோபித்துக்கொள்ளவில்லையே, அம்மா!