உங்க நாயும் விஞ்ஞானத்துக்கு உதவலாம்! வளர்ப்பு நாய்களை ஆய்வகத்துக்கு அழைப்பது ஏன்?

எம்.ஆர்.ஐ ஸ்கேன் எடுத்தவர்களுக்குத் தெரியும். குறுகலான குழாய், காதைப் பிளக்கும் சத்தம், அசையாமல் படுத்திருக்க வேண்டும். மனுஷங்களே திணறுகிற இடம். அதில் ஒரு நாய், மயக்க மருந்து இல்லாமல், கட்டிப்போடாமல், தானாகவே ஏறிப் படுத்தால்?

ஹங்கேரியின் புடாபெஸ்ட் ஆய்வாளர்கள் இதைச் செய்து காட்டினார்கள். 2014-ல் வெளியான அவர்களது ஆய்வில் 11 நாய்கள் ஸ்கேனருக்குள் படுத்து, பதிவு செய்யப்பட்ட குரல்களைக் கேட்டன. நாய்களின் மூளையிலும் மனிதர்களைப் போலவே குரலுக்கென்று தனிப் பகுதி இருப்பது தெரியவந்தது. அவை ஆய்வகத்தில் வளர்ந்தவை அல்ல. ஸ்கேன் முடிந்ததும் வீட்டுக்குத் திரும்பிய செல்ல நாய்கள்.

ஏன் வீட்டு நாய்?

மீனுக்குக் குளம் எப்படியோ, நாய்க்கு மனிதர்களின் வீடு அப்படி. கூண்டில் வளர்ந்த நாயை வைத்து, நாய் மனிதரை எப்படிப் புரிந்துகொள்கிறது என்று சொல்ல முடியாது. இந்தப் பார்வையோடுதான் புடாபெஸ்டில் 1994-ல் 'ஃபேமிலி டாக் புராஜெக்ட்' தொடங்கியது. பிறகு வியன்னாவிலும், அமெரிக்காவின் டியூக், யேல் பல்கலைக்கழகங்களிலும் இதேபோன்ற ஆய்வகங்கள் வந்தன.

அங்கே என்ன நடக்கும்?

பெரும்பாலும் விளையாட்டுதான். இரண்டு கப்களைக் கவிழ்த்து வைப்பார்கள். ஒன்றுக்குள் தின்பண்டம். ஆய்வாளர் கையை நீட்டி ஒரு கப்பைக் காட்டுவார். நாய் அதை நோக்கிப் போகிறதா என்று பார்ப்பார்கள்.

உரிமையாளரும் கூடவே இருக்கலாம். ஆனால் பல சோதனைகளில் அவர் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், அல்லது திரும்பி உட்கார வேண்டும். காரணம், ஒரு குதிரை! ஜெர்மனியில் 'கிளெவர் ஹான்ஸ்' என்ற குதிரை கணக்குப் போடுவதாகப் பேசப்பட்டது. கேள்வி கேட்பவரின் நுணுக்கமான தலையசைவைப் பார்த்தே அது விடை சொன்னது என்பதை 1907-ல் உளவியலாளர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் வெளிப்படுத்தினார். நாய்களும் நம் முகத்தைப் படிப்பதில் கில்லாடிகள்.

நாயிடம் சம்மதம் கேட்பது எப்படி?

முக்கியமான கேள்வி இதுதான். படிவத்தில் கையெழுத்துப் போடுவது உரிமையாளர். நாய்க்கு 'நோ' சொல்ல வாயில்லை. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழக நரம்பியல் ஆய்வாளர் கிரெகரி பெர்ன்ஸ், தன் நாய் கேலிக்கு ஸ்கேனரில் படுக்கப் பயிற்சி கொடுத்தபோது, குழந்தைகளுக்கான சம்மதப் படிவத்தை மாதிரியாக எடுத்துக்கொண்டார். நாய் விரும்பினால் எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம் என்பது விதி. சத்தத்திலிருந்து காப்பாற்றக் காதுக்குக் கவசமும் உண்டு.

சிக்கல் எங்கே?

ஆய்வகத்துக்கு வருவது எல்லா நாய்களும் அல்ல. நேரமும் வசதியும் உள்ளவர்களின் நாய்கள், புது இடத்தில் பயப்படாத நாய்கள், பயிற்சி பெற்றவை. உலகில் பெரும்பாலான நாய்களோ தெருவில் சுதந்திரமாகத் திரிபவை. வீட்டு நாய் செய்ததை வைத்து 'நாய்கள் இப்படித்தான்' என்று பொதுவாகச் சொல்லிவிட முடியுமா?

இந்த இடைவெளியை நிரப்பும் வேலை இந்தியாவில் நடக்கிறது. கொல்கத்தா ஐசர் நிறுவனத்தின் அனிந்திதா பத்ரா குழு, தெருநாய்களிடம் இதே கை காட்டும் சோதனையைச் செய்து 2020-ல் முடிவை வெளியிட்டது. சுமார் பாதி நாய்கள் பயந்து கிட்டவே வரவில்லை. வந்தவற்றில் ஏறக்குறைய 80 சதவீதம், யாரும் சொல்லித்தராமலேயே கை காட்டிய பக்கம் போயின. பயந்து ஒதுங்கிய பாதி, மனிதர்களிடம் ஏற்கெனவே அடிபட்டிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் சந்தேகம்.

உங்க நாயை இப்படி ஓர் ஆய்வுக்கு அழைத்தால், மூன்று விஷயங்களைக் கேளுங்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதி இருக்கிறதா? நாய் மறுத்தால் உடனே நிறுத்துவார்களா? நீங்கள் கூடவே இருக்கலாமா? ஒன்றுக்கு 'இல்லை' என்று பதில் வந்தாலும், நாயை வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுவதுதான் நல்லது.