அது பிள்ளையின் பணம்

குடும்பம் பற்றி வானொலியில் எந்த நிகழ்ச்சி நடத்தினாலும், நேரலை முடிந்த பிறகுதான் உண்மையான கேள்விகள் வரும். "பேர் மட்டும் சொல்லிடாதீங்க" என்று தொடங்கும் குரல்பதிவுகள். அவற்றில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி இது: "மகனுக்கு 18 வயசு ஆகப்போகுது. அதோட செலவுக் காசு நின்னுடும்னு அவங்க அப்பா சொல்றாரு. உண்மையா?"

பிள்ளை தொடர்ந்து படித்தால், நிற்க வேண்டியதில்லை. இந்த ஒரு தகவல் இன்னும் பல வீடுகளுக்குப் போய்ச் சேரவில்லை.

நம் நாட்டில் முஸ்லிம் அல்லாதோரின் விவாகரத்துக்கு 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சட்டம் பொருந்தும். (முஸ்லிம்களுக்கு ஷரியா நீதிமன்றம்.) அந்தச் சட்டத்தின்படி, முன்பெல்லாம் பிள்ளைக்கான ஜீவனாம்சம் 18 வயதோடு முடிந்துவிடும். உடல் அல்லது மனநலக் குறைபாடு இருந்தால் மட்டும் தொடரும். பல்கலைக்கழகப் படிப்பு அதில் சேராது என்று 2004இல் கூட்டரசு நீதிமன்றமே சொல்லிவிட்டது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 17 வயதில் எஸ்.பி.எம். அடுத்த ஆண்டு ஆறாம் படிவம், மெட்ரிகுலேஷன், டிப்ளோமா என்று ஏதாவது ஒன்று. கட்டணம், விடுதி, மடிக்கணினி, பேருந்துக் காசு என எல்லாச் செலவும் ஒன்றாக வந்து நிற்கும் வயது அதுதான். சரியாக அந்த நேரத்தில் அப்பாவின் காசு நின்றது. எத்தனை பிள்ளைகள் கிடைத்த இடத்தை விட்டுவிட்டு வேலைக்குப் போயிருப்பார்கள்!

2017இல் நாடாளுமன்றம் இதைத் திருத்தியது. 2018 டிசம்பர் 15 முதல் திருத்தம் நடப்பில் இருக்கிறது. பிள்ளை மேற்படிப்போ பயிற்சியோ மேற்கொண்டால், அது முடியும்வரை ஜீவனாம்சம் தொடரலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். உங்கள் நீதிமன்ற உத்தரவிலேயே குறைந்த காலம் எழுதப்பட்டிருந்தால், அதை மாற்றக் கேட்டு மனு செய்ய வேண்டியிருக்கும். பிள்ளையின் பிறந்தநாள் வரும்வரை காத்திருக்காதீர்கள்.

அடுத்து, இது யாருடைய பணம் என்ற கேள்வி. "அவளுக்கு நான் ஏன் கொடுக்கணும்?" என்று கேட்கும் அப்பாக்கள் உண்டு. "அவர் காசு ஒரு சென் வேண்டாம்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வரும் அம்மாக்களும் உண்டு. கோபம் வேறு வேறு, தவறு ஒன்றுதான். மனைவிக்கான ஜீவனாம்சம் வேறு, பிள்ளைக்கானது வேறு. பிள்ளையின் உரிமையை விட்டுக்கொடுக்க அம்மாவுக்கு அதிகாரம் இல்லை. இருவரும் சம்மதித்து எழுதிக்கொண்ட ஒப்பந்தமாக இருந்தாலும், பிள்ளையின் நலனுக்காக அதை மாற்ற நீதிமன்றத்தால் முடியும்.

எவ்வளவு கிடைக்கும்? சம்பளத்தில் இத்தனை விழுக்காடு என்ற அட்டவணை நம் சட்டத்தில் இல்லை. பிள்ளையின் தேவையையும் பெற்றோரின் வசதியையும் நீதிமன்றம் பார்க்கும். அம்மா நல்ல வேலையில் இருந்தால் அவருடைய பங்கும் கணக்கில் வரும். அதனால், "மாசம் ஆயிரம் வெள்ளி வேணும்" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்பதைவிடப் பட்டியல் போடுங்கள். வீட்டு வாடகை 1,200 வெள்ளி, வீட்டில் மூன்று பேர் என்றால் பிள்ளையின் பங்கு 400. சாப்பாடு, பள்ளி வேன், டியூஷன், கிளினிக். ஆண்டுக்கு ஒருமுறை வரும் சீருடை, காலணி, மூக்குக்கண்ணாடி, தீபாவளித் துணி ஆகியவற்றைக் கூட்டி 12ஆல் வகுத்துச் சேருங்கள். ரசீதுகளைப் படம் எடுத்து வையுங்கள்.

கொடுப்பவருக்கும் ஒரு வார்த்தை. பணத்தைப் பிள்ளையின் கையில் கொடுத்தனுப்ப வேண்டாம். வங்கி வழியாக அனுப்பி, எந்த மாதத்துக்கு, எந்தப் பிள்ளைக்கு என்று குறிப்பு எழுதுங்கள். நாளை "கொடுக்கவே இல்லை" என்ற பேச்சு வந்தால் அதுதான் உங்கள் சாட்சி. வேலை போய்விட்டதா, சம்பளம் குறைந்துவிட்டதா? சத்தமில்லாமல் நிறுத்திவிடாதீர்கள். உத்தரவை மாற்றக் கேட்டு நீதிமன்றத்தில் மனு செய்ய வழி இருக்கிறது. மனு செய்யாமல் நிறுத்தினால், பாக்கி மாதாமாதம் ஏறிக்கொண்டே போகும்.

பிள்ளையைக் காட்டவில்லை என்பதற்காகப் பணத்தை நிறுத்துவதும், பணம் வரவில்லை என்பதற்காகப் பிள்ளையைக் காட்ட மறுப்பதும் செல்லாது. இரண்டும் தனித்தனி உத்தரவுகள். ஒன்று மீறப்பட்டால் அதற்கு நீதிமன்றம் போக வேண்டும். மற்றொன்றை நாமே ரத்து செய்துவிட முடியாது.

கொடுக்க வேண்டியவர் கொடுக்கவே மறுத்தால்? 1968ஆம் ஆண்டிலிருந்தே இதற்கென்று ஒரு சட்டம் இருக்கிறது. அதன்படி, முதலாளி சம்பளத்திலிருந்தே பிடித்துக் கட்டும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். வேண்டுமென்றே கட்டாமல் இருப்பவரின் நிலை சிறைவரை போகலாம். ஆனால் பாக்கியைப் பல ஆண்டுகள் சேரவிட்டுவிட்டுப் போகாதீர்கள். சிறப்புக் காரணம் இருந்தாலன்றி, வழக்குப் போடும் நாளுக்கு மூன்று ஆண்டுகளுக்கு முந்திய பாக்கியைப் பொதுவாக வசூலிக்க முடியாது. வழக்கறிஞர் கட்டணத்துக்கு வழியில்லை என்றால், அரசாங்கத்தின் சட்ட உதவி இலாகாவையோ வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தையோ அணுகலாம். தகுதிக்கு வருமான வரம்பு பார்ப்பார்கள், கேட்பதற்குக் காசில்லை.

எந்தச் சட்டத்திலும் எழுத முடியாத ஒன்றும் உண்டு. "உங்க அப்பா இந்த மாசமும் காசு போடல" என்று சாப்பாட்டு மேசையில் சொல்கிறோம். பிள்ளை பதில் பேசாது. ஆனால் பள்ளிச் சுற்றுலாவுக்கான கடிதத்தைப் பைக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். கேட்டால் அம்மா அழுவார், அப்பா கத்துவார் என்று அதற்குத் தெரியும். பாக்கியை நீதிமன்றத்தில் கேளுங்கள், வழக்கறிஞரிடம் பேசுங்கள், அக்கா தங்கையிடம் சொல்லி அழுங்கள். பிள்ளையை வசூல்காரராக்க வேண்டாம்.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். அலமாரியில் இருக்கும் நீதிமன்ற உத்தரவை எடுத்து, ஜீவனாம்சம் எதுவரை என்று எழுதியிருக்கிறது என்று படித்துப் பாருங்கள். 18 என்று இருந்தால், உங்கள் பிள்ளைக்கு இப்போது என்ன வயது?