வேலை தேடித் தரும் காரியாலயம்

வேலை வாய்ப்பு அலுவலகம் என்றதும் நம் நேயர்களுக்கு நினைவு வருவது பதிவு அட்டையும் பல வருஷக் காத்திருப்புந்தான். 1945-ல், யுத்தம் முடிந்து திரும்பிய சிப்பாய்களுக்குப் பிழைப்புத் தேடிக் கொடுப்பதற்காக ஏற்பட்ட ஸ்தாபனம் இது. 1948-ல் எல்லோருக்கும் கதவு திறந்தது. 1956-ல் அன்றாட நிர்வாகம் ராஜ்ய சர்க்கார்களின் கைக்கு வந்தது.

இந்தக் காரியாலய ஊழியர்களுக்கு 'பிசினஸ் அனாலிசிஸ்' கற்பிக்க வேண்டும் என்று நாம் சொன்னால், "சர்க்காருக்கு ஏது ஐயா வியாபாரம்?" என்று கேட்பார்கள். வியாபாரம் அல்ல, எடுத்த காரியத்தைப் பற்றிய ஆராய்ச்சி. ஒரு வேலை எதற்காக நடக்கிறது, யாருக்குப் பயன்படுகிறது, எந்த மேஜையில் எதனால் தங்குகிறது என்று படம் போட்டுப் பார்த்து, அப்புறமே மாறுதலைப் பற்றிப் பேசும் வித்தை. இதற்கென்றே 2003-ல் கானடாவில் ஒரு சர்வதேச ஸ்தாபனம் தோன்றிப் பரீட்சைகளும் நடத்தி வருகிறது.

தமிழ் நாட்டில் பதிவு செய்தவர் மூன்று வருஷத்துக்கொரு முறை அதைப் புதுப்பித்தாக வேண்டும். தவறினால் பதிவு மூப்புப் போய்விடும். வேலை கிடைத்தவர்களின் பெயர் ஜாபிதாவில் வீணே கிடக்கக் கூடாது என்பது நோக்கம் போலும். நடப்பது என்ன? தனியார் கம்பெனியில் நல்ல சம்பளம் வாங்குகிறவர், சர்க்கார் உத்தியோக ஆசை விடாமல், தேதி தவறாது புதுப்பித்து விடுகிறார். கூலி வேலைக்காக ஊர் ஊராய் அலையும் வாலிபனும், பிள்ளை பெற்றுத் தாய் வீட்டில் இருக்கும் பெண்ணுமல்லவா தேதியை மறந்து பத்து வருஷ மூப்பைப் பறிகொடுக்கிறார்கள்! சர்க்காரும் மனமிரங்கிச் சலுகை உத்தரவு போடுகிறது. ஒரு முறை அல்ல, பல முறை. ஒரே சலுகையைத் திரும்பத் திரும்பக் கொடுக்க நேர்ந்தால், கோளாறு மறதியில் இல்லை, விதியில் இருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டாமா? அப்படிச் சந்தேகிக்கக் கற்பதே நாம் சொல்லும் பயிற்சி.

கம்ப்யூட்டர் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது பலருடைய நம்பிக்கை. வந்தும் விட்டது, வீட்டிலிருந்தே பதியலாம், புதுப்பிக்கலாம். சௌகரியமே. ஆனால் பழைய விதியை அப்படியே யந்திரத்தில் ஏற்றினால் பழைய பிசகு சீக்கிரமாக நடக்கும், அவ்வளவுதான். நம் வகுப்பில் வாய்ப்பாட்டைத் தலைகீழாக ஒப்பிக்கும் பையன்கள் உண்டு. கணக்கைக் கொடுத்தால் பெருக்குவதா வகுப்பதா என்று விழிப்பார்கள்.

பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் கொடுக்கும்போதே பள்ளிக்கூடத்தில் பதிவு செய்யும் ஏற்பாட்டைப் பாருங்கள். வரிசையை எப்படி ஒழுங்கு செய்வது என்று கேளாமல், வரிசையே எதற்கு என்று யாரோ ஒரு புண்ணியவான் கேட்டிருக்க வேண்டும்.

2020-ல் மத்திய சர்க்கார் அங்கீகரித்த 'கர்மயோகி' திட்டத்தின் மூலம் உத்தியோகஸ்தர்கள் இணையத்திலேயே பாடம் கேட்க வசதி இருக்கிறது. பயிற்சிக்கு மேலதிகாரிகளை மட்டும் அனுப்பிப் பிரயோஜனமில்லை. ஜனங்களின் முகத்தை நாள்தோறும் பார்க்கிற குமாஸ்தா முதலில் போகட்டும். திரும்பி வந்து அவர் எழுதிக் கொடுக்கும் யோசனைக்கு, ஏற்றோ மறுத்தோ, ஒரு மாதத்துக்குள் எழுத்து மூலம் பதில் தரவேண்டும் என்ற உத்தரவும் கூடவே பிறக்கட்டும்.